இளங் குதிரைக்கு வழித் தைரியம் உண்டாக்குதல்

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதத்திலே குருநாதசுவாமி திருவிழாவை ஒட்டிக் கூடும் கால்நடைச் சந்தை, மாடுகளுக்குப் போலவே குதிரைகளுக்கும் பேர்பெற்றது. அங்கும் பிற சந்தைகளிலும் குதிரை வாங்கும் நிலக்காரர்கள் பெரும்பாலும் வயது குறைந்த, உருவம் நன்றாயுள்ள, விலை சற்றுச் சகாயமான குட்டிகளையே தெரிந்தெடுக்கின்றனர். வாங்கி வந்த குட்டி லாயத்தில் சாதுவாக நிற்கும்; சிறு பிள்ளைகள் நீட்டும் புல்லையும் வாங்கி உண்ணும். ஆனால், சேணம் பூட்டி ஊருக்கு வெளியே ஒரு கிலோமீட்டர் தூரம் சென்றதும் அதன் நிலை மாறிவிடும். வாய்க்கால் மதகைக் கண்டால் நின்றுவிடும். வேலியில் சிக்கிப் படபடக்கும் பையைக் கண்டால் பக்கவாட்டில் பாயும். பின்னால் லாரி வந்தால் தறிகெட்டு ஓடும்.

இவ்வாறு மிரளும் குதிரையை அடக்குவதற்காகச் சவுக்கும் முரட்டுக் கடிவாளமும் கையாளப்படுகின்றன. சில வாரங்களில் குதிரை முன்னிலும் அதிகமாக மிரளத் தொடங்குகிறது. ஏறியவர் விழுந்து அடிபடுகிறார். அல்லது குதிரை சாலையின் குறுக்கே பாய்ந்து வாகனத்தில் மோதுகிறது. தப்பினால், “கெட்ட குதிரை” என்ற பெயருடன் குறைந்த விலைக்குக் கைமாறுகிறது. வாங்கியவரும் அதே வழியைக் கையாளுகிறார். குணத்திற் குறையில்லாத பல குதிரைகள் இவ்வாறு பயனற்றுப் போகின்றன. முதலாண்டில் முறையாகப் பழக்கினால் இந்த நஷ்டத்தையும் உயிர்ச்சேதத்தையும் பெரும்பாலும் தவிர்க்கலாம். அதற்கு முதலில் அறியவேண்டியது, மிரளுதல் பிடிவாதமன்று, பயமே என்பதாம்.

குதிரையின் சுபாவம்

குதிரை திறந்த புல்வெளிகளில் மந்தையாக வாழ்ந்த பிராணி. அதற்குக் கொம்பில்லை, புலி, ஓநாய் முதலியவற்றினின்று தப்ப அதற்கிருந்த முதல் உபாயம் ஓட்டமே. அறியாத பொருளைக் கண்டதும் முதலில் விலகி ஓடி, பிறகு தூரத்தில் நின்று திரும்பிப் பார்ப்பது அதன் இயல்பு. மந்தையிலிருந்து பிரிக்கப்பட்ட குதிரை இருமடங்கு அஞ்சும். ஆகவே தனியாக, அறியாத வழியில், முதுகில் ஒரு பாரத்துடன் செல்லும் இளங் குதிரைக்கு அச்சம் உண்டாவதில் ஆச்சரியமில்லை.

அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருக்கின்றன. ஆதலால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசைகளையும் அது ஒரே சமயத்தில் பார்க்கக்கூடும். எனினும் நெற்றிக்கு நேர் எதிரே மிக அருகிலும், வாலுக்கு நேர் பின்னேயும் உள்ள இடங்கள் அதற்குத் தெரிவதில்லை. எதிரிலுள்ள பொருளை இரு கண்களாலும் சேர்த்துப் பார்க்கத் தலையை உயர்த்தியும் தாழ்த்தியும் சரிசெய்துகொள்ள வேண்டும். கடிவாள வாரை இறுக்கிப் பிடித்துத் தலையை அசையவிடாமற் செய்தால், தான் அஞ்சும் பொருளை அது தெளிவாகக் காணவே முடியாது.

சிறு அசைவையும் குதிரை விரைவில் கண்டுகொள்ளும். வெயிலிலிருந்து நிழலுக்குச் சென்றால் அதன் கண் இருளுக்குப் பழக மனிதன் கண்ணைக் காட்டிலும் அதிக நேரம் பிடிக்கும். புளியஞ்சாலையின் நிழல் தொடங்கும் இடத்திலும், பாலத்தின் அடியிலும், கொட்டகை வாயிலிலும் குதிரை தயங்கி நிற்பதற்கு இதுவே காரணம். ஒரு பக்கத்திலிருந்து பார்த்துப் பழகிய பொருளும் மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது அதற்குப் புதிய பொருளாகத் தோன்றக்கூடும். காலையில் அமைதியாகக் கடந்த கல்லுக்கு மாலையில் திரும்பி வரும்போது மிரண்டால், அது குறும்பு என்று எண்ணலாகாது.

அடித்தல் ஏன் பயன்படாது

ஒரு செயலையும் அதன் விளைவையும் குதிரை சேர்த்து அறிந்துகொள்வது, அவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே கணத்தில் நிகழ்ந்தால்தான். லாரியைக் கண்டு மிரளும் சமயத்தில் அடி விழுந்தால், “மிரண்டதற்காக அடி விழுந்தது” என்று அது கருதுவதில்லை. “லாரி வந்தால் வலி உண்டாகும்” என்றே கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை லாரியின் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே ஓட எத்தனிக்கும். ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் தமது குதிரையேற்ற நூலில் இதை விளக்கியிருக்கிறார். குதிரை அஞ்சும் பொருளை மனிதன் தானே தொட்டுக் காட்டி, குதிரையை மெல்ல அதனருகே அழைத்துச் செல்ல வேண்டும். அடித்து வற்புறுத்தினால் அச்சமே வளரும் என்பது அவர் கருத்து. இக்காலத்து ஆராய்ச்சிகளும் இதற்கு மாறாகக் கூறவில்லை.

அடிப்பதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. குதிரை மிரண்ட உடனே பயந்து இறங்கி வீட்டுக்குத் திருப்பிவிட்டால், மிரளுவதனால் அஞ்சத்தக்க பொருள் விலகுகிறது, வேலையும் முடிகிறது என்று அது கற்றுக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் நடுவான வழியே சரியானது. அதாவது, மேற்செல்லாமலும் பின்வாங்காமலும் குதிரையை நிறுத்தி, அந்தப் பொருளைப் பார்க்க நேரம் கொடுத்து, அது தலையைத் தாழ்த்தி நீண்ட மூச்சு விட்ட பிறகு ஓரடி முன்செல்லக் கேட்பது. அந்த ஓரடி வைத்தவுடன் வாரைத் தளர்த்தி, காலின் நெருக்கத்தையும் நீக்குவது. கேட்டதற்கு இணங்கியதும் நெருக்கம் நீங்கும் என்ற ஒன்றை அறிந்துகொண்ட குதிரை நாளடைவில் தானாகவே அடி வைக்கும். பின்வரும் பழக்கங்கள் யாவும் இந்த முறையின் விரிவே.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

வயது: வாய் பார்த்து வயதைத் திட்டமாக அறிந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். நடுவிலுள்ள பாற்பற்கள் ஏறக்குறைய 2½ வயதிலும், அவற்றை அடுத்தவை 3½ வயதிலும், ஓரத்தில் உள்ளவை 4½ வயதிலும் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். 5 வயதில் முன்பற்கள் யாவும் நிலைப்பற்களாகிவிடும். கால் எலும்புகள் முன்னதாகவும், முதுகெலும்புகள் கடைசியாகவும் முதிர்கின்றன. முதுகு முற்ற 5 வயதுக்கு மேலும் ஆகலாம். ஆகையால் 2 வயதில் கையிற் பிடித்து நடத்துவதும், 3 வயதுக்குமேல் இலேசான ஆளை ஏற்றிச் சிறிது நேரம் நடத்துவதும் போதும். நெடுவழியும் மலைவழியும் 4, 5 வயதுக்குப் பிறகே தக்கவை.

பாரம்: ஏறுபவரும் சேணமும் சேர்ந்த எடை, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம். 300 கிலோ எடையுள்ள மட்டக் குதிரைக்கு 60 கிலோ எல்லை. 75 கிலோ எடையுள்ள நிலக்காரர் கனத்த சேணத்துடன் அதன்மேல் ஏறினால், குதிரை நின்றுவிடுவதற்குப் பயம் காரணமன்று, பாரமே காரணம்.

நோவு: வலியும் பயமும் வெளிப்பார்வைக்கு ஒரே விதமாகத் தோன்றும். சேணத்தின் அடியில் புண், வயிற்றுவார் உராய்ந்த காயம், கடைவாய்ப் பற்களின் கூரிய விளிம்பு, குளம்பிற் புகுந்த கல் ஆகியவற்றை முதலில் பார்த்து நீக்க வேண்டும். திடீரென்று குணம் மாறிய குதிரையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகே பழக்கத்தைத் தொடர வேண்டும். குதிரைகளுக்கு இசிவு நோய் எளிதிற் பற்றுமாதலால், அதற்குரிய தடுப்பூசியையும் அப்பொழுதே போட்டுக்கொள்ளலாம்.

தீனி: வேலையின்றிக் கட்டிவைத்து, கொள்ளும் தானியமும் மிகுதியாகக் கொடுத்து வளர்த்த குதிரை அடங்காத துடிப்புடனிருக்கும். தீனியின் பெரும்பகுதி புல்லும் உலர்ந்த தீவனமுமாயிருக்க வேண்டும். ஊறவைத்த கொள்ளு வேலைக்குத் தக்க அளவே போதும். நாள்தோறும் சில மணி நேரமேனும் கட்டவிழ்த்துத் திரியவிட்ட குதிரை வழியில் அமைதியாகச் செல்லும்.

கடிவாளம்: முள்ளும் முனையும் உள்ள கடிவாளங்கள் வாயைப் புண்ணாக்குவதுடன் பயத்தையும் வளர்ப்பவை. 1965-ஆம் ஆண்டின் விதிகளின்படி இத்தகைய கடிவாளங்களை உபயோகிப்பது விலக்கப்பட்டுள்ளது. மழமழப்பான வாயிரும்பே இளங் குதிரைக்குத் தக்கது.

வீட்டு முற்றத்தில் முதற் பாடங்கள்

வழியில் வேண்டிய தைரியத்தில் பாதி, களத்து மேட்டிலேயே உண்டாக்கப்படுவது. தினம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 15 அல்லது 20 நிமிஷம் போதும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வருத்துவதைவிடப் பல நாட்களில் சிறிது சிறிதாகப் பழக்குவது பலன் தரும்.

முதலில் தலைக்கயிற்றுடன் நடக்கவும், நிற்கவும், பின்னடையவும் கற்பிக்க வேண்டும். நடத்துபவர் குதிரையின் தோளுக்கு நேராக நிற்க வேண்டும். அதற்கு நேர் எதிரே நிற்றல் கூடாது. கயிற்றைக் கையிற் சுற்றிக்கொள்வது பெரும் அபாயம். குதிரை ஓடினால் கையையும் ஆளையும் இழுத்துச் செல்லும். எஞ்சிய கயிற்றை மடித்துப் பிடிப்பதே முறை. வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டிலும் நின்று உடம்பு முழுவதையும் தடவி, நான்கு கால்களையும் தூக்கிப் பழக்க வேண்டும். முதுகில் தட்டிக்கொடுப்பதைவிடப் பிடரியின் அடியில் சொறிந்துகொடுப்பது நல்லது. குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடம் அதுவே. அங்கே சொறிந்தால் அதன் நாடித் துடிப்புத் தணியும்.

பிறகு அறிமுகமில்லாத பொருள்களைக் காட்டலாம். கோணிச்சாக்கு, குடை, தகர டப்பா, நெகிழிப் பை, தரையில் விரித்த தார்ப்பாய், பலகை ஆகியவை எந்த வீட்டிலும் கிடைக்கும். இவற்றைக் குதிரையை நோக்கிக் கொண்டுவரலாகாது. ஒருவர் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு முன்னே விலகிச் செல்ல, குதிரையை அதன் பின்னே நடத்த வேண்டும். தன்னை நோக்கி வரும் பொருளுக்கு அஞ்சும் குதிரை, தன்னைவிட்டு விலகும் பொருளைத் தொடர்ந்து செல்லும். சில நாட்களில் அதை முகர்ந்துபார்க்கவும் துணியும். அதன் பிறகே பொருளை நிறுத்தி வைத்தும், பின்னர் அசைத்தும், கடைசியில் உடம்பில் தொட்டும் பழக்கலாம். குதிரை தலையைத் திருப்பி விலகுமானால், ஒரு படி முன்னதாகவே போய்விட்டோம் என்பது அதன் பொருள். முந்திய படிக்குத் திரும்ப வேண்டும்.

நிலக்காரர் வீட்டிலுள்ள டிராக்டரும் பம்பு செட்டும் இந்தப் பழக்கத்துக்குச் சிறந்த கருவிகள். நிற்கும் டிராக்டர் அருகில் தீனி வைத்து, சில நாட்களுக்குப் பின் எஞ்சினை ஓடவிட்டுத் தூரத்தில் தீனி வைத்து, மெல்ல மெல்ல அண்மைக்குக் கொண்டுவரலாம். அடுத்து, டிராக்டர் மெதுவாக முன்னே செல்ல, குதிரை அதைப் பின்தொடர வேண்டும். இதன்பின் எதிரே வருவதையும், எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பின்னாலிருந்து கடந்து செல்வதையும் பழக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றலாகாது. பின்னாலிருந்து வருவதே குதிரை மிக அஞ்சுவது.

குதிரையைக் கட்டிப்போட்டு, அது அஞ்சும் பொருளை அருகில் வைத்து, அடங்கும்வரை விட்டுவிடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. இதனால் குதிரை அசையாது நிற்கக்கூடும். ஆனால் அஃது அமைதியன்று, தப்ப வழியில்லாமையால் வந்த சோர்வே. கயிறு அறுந்த அன்று பயம் முழுவேகத்துடன் வெளிப்படும். கட்டிலிருந்து இழுத்து முறித்துக்கொண்டு கழுத்தெலும்பு சேதமடைந்த குதிரைகளும் உண்டு. ஆகவே இதைக் கைவிட வேண்டும்.

முதல் வழிப்பயணங்கள்

முற்றத்தில் நன்றாக நடக்கும் குதிரையை முதலில் ஏறாமலே கையிற் பிடித்து வெளியே நடத்த வேண்டும். வழியறிந்த, அமைதியான வயதான குதிரை ஒன்று துணைக்குக் கிடைத்தால் அதைவிட மேலான ஆசிரியர் இல்லை. முதல் வாரத்தில் அது முன்னே செல்லட்டும். இரண்டாம் வாரத்தில் பக்கத்தில். மூன்றாம் வாரத்தில் இளங் குதிரையைச் சிறிது தூரம் முன்னே விட்டு, அது தயங்கும் இடத்தில் மட்டும் பழைய குதிரையை முன்னேற்றலாம். பிறகு துணைக்குதிரை இல்லாமல் குறுகிய தூரம் போய்வரலாம். இந்தக் கால அளவு எல்லாக் குதிரைகளுக்கும் ஒன்றாயிராது. நாட்களை எண்ணாமல் குதிரையின் நிலையைப் பார்த்தே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

வழி முதலில் அரைக் கிலோமீட்டருக்கு மேற்பட வேண்டாம். காற்றும் நடமாட்டமும் குறைந்த விடியற்காலமே நல்ல சமயம். அதே வழியில் பல நாள் சென்று, பழகிய வழியின் முடிவில் புதிதாக நூறு அடி சேர்த்துக்கொண்டே போகலாம். வழியின் கோடியில் சிறிது நேரம் நிறுத்திப் புல் மேயவிட்டால், வீட்டைவிட்டுச் செல்வது துன்பமன்று என்று குதிரை அறியும். திரும்பும்போது ஒருபோதும் ஓடவிடலாகாது, நடையிலேயே வரவேண்டும். வீடு சேர்ந்ததும் உடனே சேணத்தை அவிழ்த்துத் தீனி வைக்காமல், முற்றத்தில் இரண்டு சுற்று நடத்திய பிறகு அவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுத் திசை தெரிந்தவுடன் குதிரை பறக்கத் தொடங்கும்.

ஒவ்வொரு நாளும் குதிரை அமைதியாயிருக்கும் சமயத்திலேயே பயணத்தை முடிப்பது முக்கியம். இன்று நன்றாகச் சென்றதே என்று மேலும் தூரம் கொண்டுபோய், களைப்பிலும் பயத்திலும் முடிப்பதே பழக்குபவர் பலர் செய்யும் தவறு. கடைசியாக நிகழ்ந்ததையே குதிரை மறுநாளுக்கு எடுத்துவருகிறது.

சில தடைகளும் அவற்றைக் கடக்கும் விதமும்

நீர்: தண்ணீரின் ஆழத்தைக் குதிரையால் கண்ணால் அளவிட முடியாது, பளபளக்கும் அதன் மேற்பரப்பே அதற்குத் தெரியும். குறுகிய வாய்க்காலில் தொடங்குவது தவறு, அதைத் தாண்டவே குதிரை முயலும். அகலமாகவும், கணுக்கால் அளவாகவும், அடியில் மணல் உறுதியாகவும் உள்ள ஆற்றுத் துறையைத் தெரிந்தெடுக்க வேண்டும். பழைய குதிரை முன்னே நீரில் நிற்கட்டும். இளங் குதிரை கரையில் நின்று முகர்ந்து, காலால் நீரைத் தட்டிப்பார்க்க இடங்கொடுக்க வேண்டும். நடத்துபவர் அதன் நேர் எதிரே நீரில் நின்று இழுப்பது ஆபத்து. பாய்ந்து அவர்மேலேயே விழும். சேறும் புதைமணலும் உள்ள இடத்தில் ஒருமுறை கால் சிக்கிய குதிரை நீரைப் பல மாதம் நம்பாது. ஆகவே துறையின் அடியை ஆள் இறங்கிப் பார்த்த பிறகே குதிரையை இறக்க வேண்டும்.

பாலமும் மதகும்: காலடியில் எழும் வெற்றொலியே இங்கு அச்சத்துக்குக் காரணம். முற்றத்தில் பலகைமேல் நடந்து பழகிய குதிரை இதற்கு விரைவில் இணங்கும். பாலத்தின் நடுவில் நிறுத்தாமல், நடையில் ஒரே சீராகக் கடக்க வேண்டும்.

மோட்டார் வாகனங்கள்: வீட்டில் டிராக்டருக்குப் பழகாத குதிரையை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகவே கூடாது. சாலையில் துணைக்குதிரை வாகனங்கள் செல்லும் பக்கத்திலும், இளங் குதிரை சாலையோரத்திலும் நடக்க வேண்டும். ஓட்டுநருக்குக் கையால் சைகை காட்டி வேகத்தைக் குறைக்கச் செய்யலாம். அகன்ற இடம் இருந்தால் சாலையைவிட்டு இறங்கி, குதிரையின் முகத்தை வாகனத்தின் பக்கம் திருப்பி நிறுத்துவது நலம். தான் காணும் பொருளுக்குக் குதிரை குறைவாகவே அஞ்சும்.

நாயும் மாடும்: குரைத்துவரும் நாயைக் கண்டு ஓடினால் நாய் மேலும் துரத்தும். குதிரையை நாயின் பக்கம் திருப்பி நிறுத்தினால் பெரும்பாலும் நாய் விலகும். மாட்டு மந்தைக்குப் பின்னே சில நாட்கள் நடத்திச் சென்றால் அவற்றின்மேலுள்ள பயம் தீரும்.

மலைவழி: ஏற்றத்தில் ஏறுபவர் சற்றே முன் சாய்ந்து, பிடரியைப் பற்றி, வாரைத் தளரவிட வேண்டும். இறக்கத்தில் குதிரை கழுத்தை நீட்டிக் காலடி பார்த்து இறங்க இடங்கொடுக்க வேண்டும், அவசரப்படுத்தலாகாது. செங்குத்தான சரிவிலும் ஈரப்பாறையிலும் இறங்கி நடத்திச் செல்வதே முறை. இளங் குதிரைக்கு மூச்சு வாங்கினால் நிறுத்தி, மூச்சுச் சீரடைந்த பிறகே மேற்செல்ல வேண்டும். களைத்த குதிரை இடறும். இடறிய குதிரை அந்த வழிக்கு அஞ்சும்.

ஏறுபவர் கவனிக்க வேண்டியது

குதிரையின் துணிவு பெரிதும் ஏறுபவரின் துணிவைச் சார்ந்தது. 2009-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று இதைக் காட்டுகிறது. குதிரையை ஒரு பாதையில் நான்கு முறை கொண்டு செல்ல வேண்டும் என்றும், நான்காம் முறை ஒரு குடை திடீரென விரிக்கப்படும் என்றும் ஆட்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் குடை விரிக்கப்படவில்லை. இருந்தும் நான்காம் முறை ஆட்களின் நாடி விரைந்தது. ஒன்றும் அறியாத குதிரைகளின் நாடியும் உடன் விரைந்தது. மனிதன் மனத்தில் எண்ணிய குடைக்குக் குதிரை அஞ்சியது.

ஆகையால் மிரளக்கூடிய இடம் நெருங்கும்போது ஏறுபவர் அந்தப் பொருளையே உற்றுப் பார்க்காமல், அதற்கு அப்பாலுள்ள வழியைப் பார்க்க வேண்டும். மூச்சை அடக்காமல் நீளமாக விட வேண்டும். குதிகாலைத் தாழ்த்தி, வாரை இறுக்காமல், கையை மென்மையாக வைத்துக்கொள்ள வேண்டும். மெதுவான குரலில் பேசிக்கொண்டே செல்வதும் உதவும். பேசுபவன் மூச்சை அடக்க முடியாதன்றோ!

குதிரை தறிகெட்டு ஓடத் தொடங்கினால் இரு வார்களையும் ஒன்றாக இழுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அது வாரின்மேல் சாய்ந்துகொண்டு ஓடும். திறந்த வெளியாயின் ஒரு பக்க வாரைச் சிறிது சிறிதாக இழுத்து, பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும். வரப்பு, கரை, மலைச்சரிவு ஆகிய குறுகிய இடங்களில் திடீரென்று திருப்பினால் குதிரை உருண்டுவிடும். அங்கே நேராகவே வைத்து, வாரை விட்டுவிட்டு இழுத்து, வேகத்தைத் தணிக்க வேண்டும். நிலைமை கைமீறுமுன் இறங்கிவிடுவது வெட்கத்துக்குரியதன்று. இறங்கி, குதிரையை அந்த இடத்திலேயே அமைதிப்படுத்தி, கையிற் பிடித்து நடத்தித் தடையைக் கடந்த பிறகு மீண்டும் ஏறலாம். குதிரை ஏறும் ஒவ்வொருவரும், முக்கியமாகப் பழக்குபவரும் சிறுவரும், தலைக்கவசம் அணிதல் அவசியம்.

பயம் திரும்பினால்

நன்றாகப் பழகிய குதிரையும் ஒரு நாள் கெட்ட அனுபவத்தால் பின்னடையும். ஒருமுறை உண்டான பயம் முற்றிலும் அழிவதில்லை. அதன்மேல் நல்ல அனுபவங்கள் படிந்து அதை மூடுகின்றன. ஆகவே மனந்தளராமல், குதிரை எந்தப் படியில் அமைதியாயிருந்ததோ அந்தப் படிக்குத் திரும்பித் தொடங்க வேண்டும். முதல்முறை ஒரு மாதம் பிடித்தது, இரண்டாம் முறை ஒரு வாரத்தில் முடிவதும் உண்டு. கைமாறும் குதிரைக்கும் இதே விதி பொருந்தும். அதன் தைரியத்தில் ஒரு பகுதி பழைய எஜமானர்மேல் வைத்த நம்பிக்கை. புதியவர் அதை முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும். ஆதலால் “நன்றாகப் பழகியது” என்று வாங்கிய குதிரையையும் சில வாரம் புதிய குதிரையைப் போலவே நடத்துவது புத்திசாலித்தனம்.

கிராம அதிகாரிகளுக்கு

திருவிழாக்களிலும் ஊர்வலங்களிலும் பழகாத குதிரையை வேட்டுக்கும் மேளத்துக்கும் நடுவே கொண்டுவருவதால் கூட்டத்தில் விபத்து நேருகிறது. குதிரை நிற்குமிடத்துக்கும் வெடி வெடிக்குமிடத்துக்கும் தக்க தூரம் வகுத்து, ஒவ்வொரு குதிரைக்கும் அதைப் பழக்கிய ஆளே பிடித்து நிற்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். மேற்சொன்ன 1965-ஆம் ஆண்டின் விதிகள், வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் பிராணிகளை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடையில் ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலும், வெப்பம் 37 டிகிரி செல்சியசுக்கு மேற்படும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரையிலும் வேலை வாங்குவதைத் தடுக்கின்றன. சந்தைக்கு வரும் குதிரைகளில் மூக்கிலிருந்து சளியோ, தோலில் உடைந்து வடியும் கட்டிகளோ காணப்பட்டால், அதைத் தனியே கட்டிவைத்து உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்சு நோயின் குறி அதுவாக இருக்கலாம்.

சுருக்கம்

1. மிரளுதல் பயத்தின் குறி. அதற்கு அடி மருந்தன்று.
2. வயது, பாரம், நோவு, தீனி ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகே பழக்கத்தைத் தொடங்குக.
3. புதிய பொருளைக் குதிரையை நோக்கிக் கொண்டுவராமல், அதன் முன்னே விலகிச் செல்லச் செய்க.
4. முதலில் முற்றம், பிறகு துணைக்குதிரையுடன் வழி, அதன் பிறகே தனிவழி.
5. இணங்கியவுடன் நெருக்கத்தை நீக்குக, அமைதியில் முடிக்குக.
6. பின்னடைந்தால் முந்திய படிக்குத் திரும்புக.

இவ்வாறு ஓராண்டு பொறுமையாகப் பழக்கிய குதிரை, அதன்பின் பல ஆண்டுகள் ஏறுபவருக்கு அபாயமின்றி உழைக்கும். புதிய பொருளைக் காணும்போது அதுவும் ஒரு கணம் நிற்கவே செய்யும்; ஆனால் ஓடாமல் காதைப் பின்புறம் திருப்பி, முதுகில் இருப்பவர் என்ன சொல்லுகிறார் என்று கேட்கும். இந்த நிலையை அடைந்த குதிரையையே வழித் தைரியம் உள்ள குதிரை என்று சொல்லத் தகும்.